கூண்டுக்குள் ஜாஹிரா

உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டு, அதற்கு மேல் ஒரு பூட்டையும் மாட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்வார் ஜாஹிரா. காலை ஆறே கால் மணி. மொட்டை மாடியில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கம்பிவலைக் கூண்டு அது. உள்ளே அவரும் எழுபத்து மூன்று தொட்டிகளும். வெளியே சுற்றுச்சுவர் மேல் வரிசையாகக் குரங்குகள். தாய்க்குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டே கூண்டுக்குள் இருக்கும் அம்மாளையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளும். வண்டலூரில் நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பதைத் திருவண்ணாமலைக் குரங்குகள் தினமும் இலவசமாகப் பார்க்கின்றன.

"வந்துட்டீங்களா? உக்காருங்க. இன்னிக்குத் தக்காளி இல்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்பார் ஜாஹிரா. குரங்குகளுக்கு மரியாதைப் பன்மைதான். கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். "நாம வூடு கட்டி பதினெட்டு வருஷம். அவங்க எப்ப வந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கூண்டு வந்த கதை கத்தரிக்காயில் தொடங்குகிறது. ஒருநாள் மத்தியானம் மலையிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்து நாற்பது கத்தரிக்காயையும் பறித்தது. தின்றுவிட்டுப் போயிருந்தால்கூட அவர் மன்னித்திருப்பார். நாற்பதிலும் ஆளுக்கொரு கடி கடித்து, ருசி சரியில்லை என்பதுபோல எறிந்துவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அவருடைய கணவர் குலாம் ரசூல் கிரில் பட்டறை வைத்திருப்பவர். பத்தே நாளில் கூண்டை அடித்து மாட்டிவிட்டார். "ஊர்ல எல்லார் வூட்டு ஜன்னலுக்கும் கிரில் போட்டேன். எம் பொண்டாட்டிக்கு மட்டும்தான் ரூமையே கிரில்ல போட்டுக் குடுத்தேன்" என்று அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

அதற்குப் பிறகு இரு தரப்புக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது. தொட்டிகள் வலையிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கும். குரங்கின் கை அவ்வளவு தூரம்தான் எட்டும். அவரைக்கொடி வலையைத் தாண்டி வெளியே தலை நீட்டினால் அதை ஜாஹிரா இழுத்து உள்ளே விட மாட்டார். "வெளிய போனது அவங்களுக்கு. உள்ள இருக்கிறது நமக்கு."

அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஒல்லியான உடம்பு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதைச் செப்புக் கம்பியால் கட்டியிருப்பார். பட்டறைக்காரர் பொண்டாட்டி கண்ணாடிக் கடைக்குப் போவாளா என்ன? கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்து, அடியில் மாவுப்பூச்சி இருந்தால் மருந்தடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பார், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல. ஆடியில் விதைத்தது ஐப்பசி வரை முளைக்காவிட்டாலும் தொட்டியைக் கவிழ்க்க மாட்டார். "சோம்பேறியா இருக்கும். செத்துப்போச்சுன்னு நாம ஏன் முடிவு பண்ணணும்?" என்பது வாதம். அப்படி முடிவு பண்ணாமல் விட்ட தொட்டிகளிலிருந்துதான் ஒரு பப்பாளியும், யார் போட்டார்கள் என்றே தெரியாத ஒரு பூசணியும் வந்தன.

பத்து மணிக்கு மேல் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் வேங்கிக்காலுக்குப் போக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை. நகல் எடுப்பது பேருக்கு. மனு எழுதிக் கொடுப்பதுதான் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், மகன் சோறு போடவில்லை, பட்டாவில் அப்பன் பேரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு பாரத்தோடு வருவார்கள். பக்கத்தில் நிற்பவர் காதில் விழக் கூடாதே என்று ஜாஹிரா குரலைத் தாழ்த்திக் கேட்பார். தாழ்த்தியே பதில் சொல்வார். இருபது வருடத்தில் குரல் கீழேயே தங்கிவிட்டது. இப்போது வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதும் அந்தக் குரலில்தான். காய்கறி வண்டிக்காரர் அவர் சொல்வதைக் கேட்க வண்டியை விட்டு இறங்கிக் குனிகிறார். "எங்க வூட்ல சண்டைகூட சத்தமில்லாமதான் நடக்கும். திட்டறது பாதி எனக்குக் கேக்காது. கேக்காதது எவ்ளோ நல்லது தெரியுமா?" என்பார் குலாம் ரசூல்.

கடையில் பிழையாகிப்போன தாள்கள் மாலையில் வீட்டுக்கு வந்துவிடும். அவற்றை விரல் அகலத்துக்குக் கிழித்துக் காய்கறித் தோலோடு கலந்து உர வாளியில் போடுவார். ஊர்க்காரர்களின் குறையெல்லாம் மட்கி ஜாஹிராவின் மிளகாய்ச் செடிக்கு உரமாகிறது. மிளகாய் காரமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

இனி மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேரடி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் இந்தச் சந்தில் தரையில் நின்றால் மலை தெரியாது. ஜாஹிரா வீட்டு மாடியில் மட்டும், கூண்டு இருக்கும் மேற்குப் பக்கத்தில், உச்சி வரைக்கும் தெரியும். மாலை நாலரைக்கெல்லாம் மலையின் நிழல் வந்து தொட்டிகள் மேல் விழும். "மலை வந்துடுச்சு, தண்ணி ஊத்தலாம்" என்பார் ஜாஹிரா. அந்த மாடிக்குக் கடிகாரம் அதுதான்.

கார்த்திகை தீபத்தன்று மட்டும் அந்த மாடி ஜாஹிராவினுடையது அல்ல. காலையில் குலாம் ரசூல் ஸ்பேனரோடு வந்து, கூண்டின் மேற்குச் சட்டத்தைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றுவார். சட்டம் மொத்தமாகக் கழன்று வந்துவிடும், மலைக்கும் கண்ணுக்கும் நடுவில் வலை இருக்காது. மாலையில் முப்பது பேர் அந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். முதல் வரிசையில் நடுவில் நிற்பவர் பக்கத்து வீட்டு சகாதேவன்.

சகாதேவன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி சீட்டிலிருந்து அவர் கொடுத்த குரலுக்கு டிரைவர் மட்டுமல்ல, எதிரே வரும் லாரியும் நின்றிருக்கிறதாம். தீபத்தன்று பொழுது விடிந்ததிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. ஆறு மணிக்கு உச்சியில் சுடர் தெரிந்ததும் இரண்டு கையையும் தூக்கி, "அண்ணாமலையாருக்கு... அரோகரா!" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் கீழே சந்துப் பெண்கள் வாசல் விளக்கை ஏற்றுவார்கள். ஊரில் நாலு மணியிலிருந்தே வெடி வெடித்துக்கொண்டிருக்கும், அதை நம்ப முடியாது. டிவியில் காட்டுகிறார்கள்தான். ஆனால் சகாதேவனின் மனைவி உண்ணாமலை அதையும் ஒப்புக்கொள்வதில்லை. "டிவிக்காரன் பாத்தா எனக்கு இன்னா? எங்க வூட்டுக்காரரு பாத்தாதான் நாங்க பாத்தாப்புல" என்பார். சந்தில் மற்றவர்களும் அவர் பக்கம்தான்.

போன வருடத் தீபத்தன்று காலையிலும் போல்ட் கழற்றினார்கள். ஒரு முனையைக் குலாம் ரசூல் பிடித்தார். மறு முனையைச் சகாதேவன். சட்டத்தின் மேல்கம்பியில், தொட்டி மாட்ட ஒன்றரை முழம் உள்ளே நீட்டியிருந்த கொக்கியிலிருந்து ஏதோ உதிர்ந்து விழுந்தது. ஒட்டடையும் சருகும் சேர்ந்து தொங்கிய ஒரு கொத்து. "குப்பை விழுதும்மா, பெருக்கிடு" என்றார் சகாதேவன். ஜாஹிரா துடைப்பத்தை எடுத்து வந்து, சருகோடு சருகாக அதையும் பெருக்கி உர வாளியில் போட்டார். முப்பது பேர் வரப்போகிற அவசரம்.

மறுநாள் சட்டத்தைத் திரும்ப மாட்டிய பிறகு, மஞ்சள் வயிற்றுக் குருவி ஒன்று அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. கம்பியில் உட்காரும், கத்தும், பறக்கும், மறுபடி அதே இடத்துக்கு வரும். தேன்சிட்டு. இதற்கு என்ன வந்தது என்று ஜாஹிராவுக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள் உரத்தைக் கிளறும்போது விளங்கியது. குப்பை என்று போட்டது கிழிந்த சுருக்குப்பைபோல ஒரு கூடு. உள்ளே சுண்டைக்காய் அளவில் இரண்டு முட்டைகள். ஒன்று உடைந்திருந்தது. மற்றது உடையவில்லை, ஆனால் சில்லிட்டிருந்தது.

அவற்றைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டு நாலு நாள் அவர் மாடிக்கே போகவில்லை. குலாம் ரசூல்தான் தண்ணீர் ஊற்றினார். அன்பு மிகுதியில் ஜாஸ்தியாக ஊற்றி இரண்டு மிளகாய்ச் செடியை அழுக வைத்தார். அதற்குக்கூட ஜாஹிரா அவரைத் திட்டவில்லை. "தோட்டம் வெச்சவளுக்குக் கூடு எது, குப்பை எதுன்னு தெரியலன்னா, இந்தக் கண்ணு எதுக்குங்க?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார். கணவரைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சகாதேவனிடம் சொல்லவே இல்லை. விரதம் இருந்து தீபம் பார்த்த மனுஷனுக்கு அந்தப் பாரத்தையும் எதற்குக் கொடுப்பது என்று விட்டுவிட்டார்.

இந்த வருடம் ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்தபோது, அதே கொக்கியில், அதே இடத்தில் ஒரு நூலாம்படை புதிதாகத் தெரிந்தது. மறுநாள் அதில் ஒரு நார். அதற்கடுத்த நாள் ஒரு பூவிதழ். ஜாஹிரா அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் திருப்புவதை நிறுத்தினார். நாலடி தள்ளி, கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. குரங்கு நுழைய முடியாத, காக்கை நுழைய முடியாத வலை. தேன்சிட்டுக்கு மட்டும் வலையின் ஓட்டைதான் வாசல். தனக்காக அடித்த கூண்டு இன்னொருத்திக்கும் உதவுகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கூடு முடிந்தபோது அதன் அடியில் ஒரு தாள் துண்டு வாலாகத் தொங்கியது. உர வாளியிலிருந்து எடுத்ததுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எட்டி நின்று படித்தார். 'ஆவன செய்யுமாறு' என்று இருந்தது. மனுவின் கடைசி வரி. "ஏங்க, அது மனு குடுத்துடுச்சுங்க" என்று கீழே இறங்கி வந்து கணவரிடம் சொன்னார்.

தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு முட்டையும் பொரிந்து, கூட்டுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியது. இந்த வருடம் பார்த்துத்தான் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருந்தது. மேற்கே ஒரு லாட்ஜ் நாலு மாடிக்கு எழும்பி, மலையில் பெரும்பகுதியை மறைத்துவிட்டது. இப்போது உச்சி தெரிவது கூண்டுக்குள் ஒரே ஒரு மூலையில். கூடு தொங்குவதும் அதே மூலையில். தெருக்காரர்கள் இந்த முறை தேரடி வீதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சகாதேவனால் போக முடியாது. ஆடி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பில் பிளேட் வைத்திருந்தார்கள்.

மூன்று நாள் முன்னதாகவே போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட ஸ்பேனரோடு வந்த குலாம் ரசூலின் கையைப் பிடித்துக்கொண்டார் ஜாஹிரா.

"இந்த வருஷம் கழட்ட வேணாங்க."

"சகாதேவனுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

சொல்வதாகச் சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த வீட்டுக்குப் போகிற பத்தடி தூரம் பத்து மைலாக இருந்தது. காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சகாதேவனிடம் விஷயத்தைச் சொன்னார். சட்டத்தைக் கழற்ற முடியாது. அவரை மட்டும் நாற்காலியோடு தூக்கிக் கூண்டுக்குள் வைத்துவிடுகிறோம், வலை வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கூடு அவர் தலையிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கும். அதனால் குரல் கொடுக்கக் கூடாது.

"இன்னாம்மா சொல்றே? அரோகரா சொல்லாம தீபம் பாக்கறதா?" சகாதேவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வூட்டுக்கு வந்த மாப்பிள்ளைய வாங்கன்னு கூப்புடாம மூஞ்சிய மூஞ்சியப் பாக்கறாப்புல இருக்குது. ஊரே கத்தப்போவுது, நான் கத்துனா மட்டும் உன் குருவிக்குக் காது அடைச்சிடுமா?"

"ஊரு சத்தம் தூரத்துல கேக்கறதுண்ணா. அது மழை மாதிரி. நீங்க கத்துனா கூட்டுக்குள்ள கத்துனாப்புல. தாய் பயந்து பறந்துட்டா, இருட்டுல திரும்பி வராது. ரெண்டு குஞ்சும் குளிர்ல போயிடும்."

"ஒரு குருவிக்கோசரம் சாமிகிட்ட வாய மூடிக்கினு உக்காருன்றே."

ஜாஹிரா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, மனு எழுத வருபவர்களிடம் பேசுகிற அந்தக் குரலில், போன வருடம் விழுந்த குப்பை எது என்று சொன்னார். சகாதேவன் கேட்பதற்காக நாற்காலியில் முன்னால் சாய்ந்து குனிந்தார். கேட்ட பிறகும் நிமிரவில்லை.

"பெருக்கிடுன்னு நான்தானே சொன்னேன்?"

"பெருக்கினது நான்தாண்ணா."

"ரெண்டா?"

"ரெண்டு."

உண்ணாமலை கொண்டு வந்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சகாதேவன் அதை எடுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "சோறு தண்ணி இல்லாம இருக்கறவனுக்கு, சத்தம் இல்லாம இருக்கறதா பெரிய கஷ்டம்? போம்மா. வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

தீபத்தன்று மாலை ஐந்தரைக்கு அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு இருபத்திரண்டு படி தூக்கி வந்தார்கள். குலாம் ரசூலும் தெருக்காரர்கள் இருவரும் மூச்சு வாங்கினார்கள். நாற்காலியில் இருந்தவர், "பாத்து, பாத்து, வளைவுல மெதுவா" என்று பஸ்ஸுக்குச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு வந்தார். கூண்டுக் கதவைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். தூக்கி வந்த இருவரும் தேரடி வீதிக்கு ஓடினார்கள். குலாம் ரசூல் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். மாடியில் ஜாஹிராவும் சகாதேவனும் மட்டும். தாய்க்குருவி கூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வாசலில் அதன் வளைந்த மூக்கு மட்டும் தெரிந்தது.

அதை அப்போதுதான் முதல் தடவையாகச் சகாதேவன் பார்த்தார். இவ்வளவு சிறியதா என்று இரண்டு விரலால் அளந்து காட்டிக் கண்ணாலேயே கேட்டார். ஆமாம் என்று ஜாஹிரா தலையசைத்தார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு சகாதேவன் துண்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டார். தன்மேலேயே அவருக்கு நம்பிக்கை கம்மி.

ஆறு மணி. லாட்ஜின் சுவருக்கும் வானத்துக்கும் நடுவில் எஞ்சியிருந்த அந்தத் துண்டு உச்சியில் ஒரு பொட்டு சிவந்தது; சிவந்து, எழுந்து, நின்றது. ஊர் முழுக்க ஒரே இரைச்சல். சகாதேவனின் இரண்டு கையும் தானாகத் தலைக்கு மேல் போய், கூட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, மெல்லக் கீழே இறங்கி நெஞ்சில் குவிந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து வழிந்த நீர் துண்டில் இறங்கியது. சத்தம் வரவில்லை. குருவியின் மூக்கு அசைந்தது, அவ்வளவுதான்.

ஜாஹிராவுக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் தீபத்தன்று யார் கால் எந்தத் தொட்டியில் படுமோ என்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றுதான் நிதானமாக மலையைப் பார்த்தார்.

அப்போது சகாதேவன் அவர் கையை அவசரமாகத் தட்டினார். வாயில் துண்டோடு சந்துப் பக்கம் கையைக் காட்டினார். காட்டிவிட்டு, இல்லாத தீப்பெட்டியில் இல்லாத குச்சியை உரசினார். ஜாஹிராவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. சந்துப் பெண்கள் குரலுக்காகக் காத்திருப்பார்கள். குரலை நிறுத்தத் தெரிந்ததே தவிர, விளக்கைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு படியும் இறங்கினார். சந்து இருட்டாக இருந்தது. வாசலுக்கு வாசல் எண்ணெய் ஊற்றிய அகல்கள், பக்கத்தில் தீப்பெட்டியோடு பெண்கள். உண்ணாமலை கோலத்தைத் தாண்டி ஓடி வந்து ஜாஹிராவின் தோளைப் பிடித்தார். "இன்னாம்மா, எப்படியும் கத்திடுவாருன்னு இருந்தேன், சத்தமே வரல? அவருக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"நல்லா இருக்காருக்கா. பாத்துட்டாரு" என்றார் ஜாஹிரா. வழக்கமான குரல், உண்ணாமலைக்கே சரியாகக் கேட்டிருக்காது. அடுத்த வாசலில் யாரும் அசையவில்லை. கடைக்கோடி வாசல்வரை முகங்கள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஜாஹிரா சந்தின் நடுவில் வந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்து, மூச்சை இழுத்தார்.

"பாத்துட்டாரு! எல்லாரும் ஏத்துங்கம்மா!"

இருபது வருடமாகக் கீழே கிடந்த குரல் சந்தின் இரண்டு சுவரிலும் மோதிக் கோடி வரைக்கும் போனது. இந்த அம்மாளுக்கு இவ்வளவு குரலா என்று, தோளைப் பிடித்தபடியே கூட வந்திருந்த உண்ணாமலை கையை எடுத்துவிட்டார். பிறகு குச்சிகள் உரசின. ஒரு வாசல், அடுத்த வாசல், எதிர் வாசல் என்று விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டே போயின.

அதைப் பார்க்க ஜாஹிராவுக்கு நேரமில்லை. எப்போதும் மண் காயாத இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, தலையை நிமிர்த்தி, கூடு இருக்கும் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.